கிர்க்கி அடிச்சா முட்டி வலி, தலைசுற்றல்

குடியாத்தம் நண்பருக்கு வணக்கம். வைகாசியில பாரதக் கூத்துக்கு (மகாபாரதக் கதை ஆடுற தெருக்கூத்து) கட்டை வேஷம், அதாவது மரத்துல செஞ்ச அணிகளைப் போட்டு ஆடுற வேஷம் கட்டப்போறீங்க, பத்துச் சுற்று கிர்க்கி (வேகமா சுழன்று ஆடுறது) அடிச்சா தலை சுத்துது, வலது முட்டி வலிக்குதுன்னு எழுதியிருந்தீங்க.

முட்டியை முதல்ல கவனிங்க. குதிகால் மண்ணில ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினா அந்தத் திருகல் முழுக்க முட்டியிலதான் இறங்கும். முன்பாதத்துல நின்னு சின்னச் சின்ன அடியா வைங்க. முட்டி லேசா மடங்கி, கால்விரல் பார்க்கிற பக்கமே பார்க்கணும். தரையில கோலமாவு தூவிச் சுத்திப் பாருங்க. குதிகால் தடம் அழுத்தமா விழுந்தா அடி தப்பு. தினமும் குதிகாலை 15 முறை உயர்த்தி இறக்குங்க, அப்புறம் முட்டியை மடிச்சுப் பாதி உட்கார்ந்த மாதிரி அரைமண்டியில 30 விநாடி நில்லுங்க. ரெண்டும் 3 தடவை.

தலைசுற்றலுக்குக் காரணம், நாம நின்ன பிறகும் உள்காதுத் திரவம் ஓடிக்கிட்டே இருக்கிறது. இருபக்கமும் 4 சுற்றுல ஆரம்பிச்சு வாரம் 2 கூட்டுங்க. நின்னதும் கண்ணை ஒரே புள்ளியில வைங்க.

கடைசி 2 வாரமாவது புஜக்கட்டை (தோள்ல கட்டுற மர அணி), கிரீடத்தோடயே பழகணும். மேல்பாரம் ஏறினா சமநிலையே மாறிடும். தோள்ல கயிறு அறுக்காம பழைய வேட்டித்துணியை மடிச்சு வைங்க. மார்பை இறுக்கிக் கட்டிட்டா பாட்டுக்கு மூச்சு பத்தாது.

வேலூர்ப் பக்கத்து வெயில்ல மதியம் பழகவே வேண்டாம். முட்டி வீங்கினா ஆட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க.