கணவருக்கு பி பாசிட்டிவ், எனக்கு ஓ நெகட்டிவ்: குழந்தைக்கு ஆபத்தா?

இருவரின் குருதி வகையும் வேறாக இருப்பதால் பிள்ளை தங்காது என்று மாமியார் அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். வகை வேறுபடுவது ஒரு குறையே அன்று. உங்கள் கிளினிக் அட்டையிலுள்ள ‘நெகட்டிவ்’ என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நானும் ஓ நெகட்டிவ்தான்.

செங்குழியங்களின் மேற்பரப்பில் ‘டி’ என்னும் புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லையேல் நெகட்டிவ். தந்தையிடமிருந்து அப்புரதத்தைப் பெற்ற குழந்தையின் குருதி, பெரும்பாலும் பிரசவ நேரத்தில், சிறிதளவு தாயின் குருதியோடு கலக்கும்போது, தாயின் உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதிப் பிறபொருளெதிரிகளை உருவாக்கக்கூடும். அவை உருவாகச் சில வாரங்கள் செல்வதால் முதற்பிள்ளை பொதுவாகத் தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் செங்குழியங்களையே அவை சூல்வித்தகத்தை (நஞ்சுக்கொடியை) கடந்து சென்று அழிக்கும். கடும் மஞ்சட்காமாலை, சோகை, சில வேளை வயிற்றிலேயே மரணம் என்பன அதன் விளைவுகள்.

கரு கலைந்தாலும் வயிற்றில் பலத்த அடிபட்டாலும் இதே கலப்பு நேரலாம். என் அக்காவுக்கு நான்காம் மாதத்தில் கலைந்ததை, லயக் குடியிருப்பில் யாருக்கும் தெரியக்கூடாதென்று அம்மா மறைத்துவிட்டார். கிளினிக்குக்கும் போகவில்லை, ஊசியும் போடப்படவில்லை. அடுத்த பிள்ளை பிறந்த அன்றே உடல் மஞ்சளித்து, குருதியையே மாற்றி ஏற்றும் நிலைக்குப் போய்ப் பிழைத்தான்.

பிறபொருளெதிரிகள் உருவாகாமல் தடுக்கும் அந்த ஊசிதான் ஆன்டி-டி. 1968 முதல் பயன்பாட்டில் உள்ளது. பொதுவாக 28ஆம் வார அளவிலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் எனத் தெரிந்தால் பிரசவத்துக்குப் பின் 72 மணித்தியாலங்களுக்குள்ளும் போடுவார்கள். எதிரிகள் ஏற்கெனவே உருவாகியிருந்தால் அதனால் பயனில்லை. அதை அறியவே முன்கூட்டிக் கூம்ஸ் பரிசோதனை செய்கிறார்கள்.

ஓ வகைத் தாய்க்கு பி வகைக் குழந்தை பிறந்தால், முதற்பிள்ளைக்குக்கூட மஞ்சள் வரலாம். பெரும்பாலும் அது ஒளிச் சிகிச்சையோடு தணிந்துவிடும். மாமியார் அஞ்சும் இந்த வேறுபாடு ஒருவகையில் உங்களுக்குத் துணையும்கூட: உங்கள் உடலில் இயல்பாகவே உள்ள பி எதிர்ப்பு, கலந்த குழியங்களை விரைவில் அழித்துவிடுவதால், டி எதிரிகள் உருவாகும் வாய்ப்பு ஓரளவு குறைகிறது. ஆனால் அதை நம்பி ஊசியைத் தவிர்க்க முடியாது.

குடும்பநல உத்தியோகத்தர் இது எத்தனையாவது கர்ப்பம் என்று கேட்கும்போது, முன்னர் கலைந்தது ஏதும் இருந்தால், மாமியார் பக்கத்தில் நின்றாலும், அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.