வீட்டில் சின்னவர்களும் பெரியவர்களும் சலிக்காமல் உடற்பயிற்சி செய்ய என்ன வழி?

முதலில் அதை 'உடற்பயிற்சி' என்று சொல்வதை நிறுத்துங்கள், பாதிப் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டாலே நழுவிவிடுவார்கள். ஓடிப்பிடித்து, கயிறு தாண்டுவது, பாட்டுப் போட்டு ஆடுவது, எதுவானாலும் மூச்சு வாங்கினால் கணக்கில் சேரும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் 2 நாளாவது தசைகளுக்கான பயிற்சி. 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அப்போது கைவிட்டுவிட்டார்கள், ஆகவே மாடிப்படி ஏறுவதும் சேர்த்திதான்.

மிதமானதா என்று எப்படித் தெரியும்? செய்யும்போது பேச முடியும், பாட முடியாது.

சரி, குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். தோற்றவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்கள்தான் என் பார்வையில் பெரிய தவறு, யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் அவுட்டாகி வேடிக்கை பார்க்கும். பிடிபட்டவரும் பிடிப்பவராக மாறும்படி விதியை மாற்றுங்கள், இல்லை, விதியை அவர்களையே போடச் சொல்லுங்கள். தண்டனையாக மட்டும் ஓட விடாதீர்கள்.

அப்புறம் பெரியவர்களுக்கு, துணைக்கு ஓர் ஆள் போதும். காத்திருப்பவருக்காகவாவது எழுந்து போவோம்.