மாணவர் நடத்தும் அறிவுசார் சொத்துரிமை ஆய்விதழ்: கேள்வி பதில்

சட்டம் படித்தபோது இப்படியொரு ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். இப்போது பதிப்புரிமை வழக்குகள் நடத்துகிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, மாணவர்களே கட்டுரை தேர்ந்தெடுக்கும் இதழை எப்படி நம்புவது?

ஹார்வர்டு சட்ட இதழை 1887இல் தொடங்கியவர்கள் மாணவர்கள். இன்றும் அவர்களே நடத்துகிறார்கள். அந்தரங்க உரிமை பற்றி அமெரிக்க வழக்கறிஞர்கள் வாரனும் பிராண்டைசும் எழுதிய கட்டுரை 1890இல் அதில்தான் வந்தது. அச்சேறாத கடிதத்தின் மேல் எழுதியவருக்கு இருந்த உரிமையைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் அந்தரங்க உரிமைக்கே வழி கண்டார்கள். நம் துறைக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டியது. நல்ல மாணவர் குழு ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். துறை நுணுக்கத்துக்கு மட்டும் வெளியே ஒருவரிடம் காட்ட வேண்டும்.

ஐஎஸ்எஸ்என் இருந்தால் தரமான இதழ்தானே?

இல்லை. அது வெறும் எட்டு இலக்க அடையாள எண்.

திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் காட்டும் ஒற்றுமை விழுக்காடு எவ்வளவு வரை இருக்கலாம்?

சட்டப்பிரிவை மேற்கோள் காட்டினாலே எண் ஏறும். அதற்கு அஞ்ச வேண்டாம். இன்னொருவரின் மைய வாதத்தைச் சொல் மாற்றி எழுதினால் எண் ஏறாது, அதுதான் திருட்டு.

நண்பன் ஒரு கருவி கண்டுபிடித்திருக்கிறான். அதன் காப்புரிமைத் தகுதி பற்றிக் கட்டுரை எழுதலாமா?

எழுதுங்கள் தம்பி, ஆனால் அவர் விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டுவிடாதீர்கள். ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில், கருவியின் நுட்பம் உலகின் எந்த மூலையில், எந்த மொழியில் முன்னதாக வெளிவந்திருந்தாலும் புதுமை போயிற்று, காப்புரிமை கிடைக்காது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் அப்படித்தான். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், அதன் பின் விண்ணப்பிக்க அமெரிக்கா ஓராண்டு அவகாசம் தருகிறது. அதை நம்பிப் பிற நாடுகளை இழக்காதீர்கள். முதல் விண்ணப்பம் போட்டுவிட்டால், 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பிக்க 12 மாத முன்னுரிமை உண்டு, அதாவது முதல் விண்ணப்பத்தின் தேதியே அங்கும் கணக்கில் வரும். வரைபடத்தோடு வந்த கட்டுரை ஒன்றை நானே ஒருமுறை நிறுத்தி வைத்தேன். எழுதியவர் கோபித்துக்கொண்டார். பின்னர் விண்ணப்ப எண்ணோடு திரும்பி வந்தார்.

பதிப்புரிமை முழுவதையும் எழுதித்தரச் சொல்கிறது இதழ். வழக்கம்தானே?

வழக்கம்தான், தவறான வழக்கம். படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஆசிரியர் குழு ஆண்டுதோறும் மாறுகிறது. என் தோழி தன் கட்டுரையை நூலில் ஓர் அத்தியாயமாகச் சேர்க்க அனுமதி கேட்டாள். பழைய ஆசிரியர் படிப்பை முடித்துப் போய்விட்டார். புதியவருக்குப் படிவம் எங்கே என்றே தெரியவில்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல்கூடக் கைமாறவில்லை. ஏழு மாதம் காத்திருந்தாள். அந்த அத்தியாயம் இல்லாமலே நூல் வந்தது.

நான் ஓர் இதழின் ஆசிரியர். முழு உரிமை இல்லாமல், கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் தரவுத்தளங்களுக்கு எப்படிக் கொடுப்பது? திருடி வெளியிடுபவர்மேல் யார் வழக்குப் போடுவது?

மறு உரிமம் வழங்கும் அனுமதியோடு தனியுரிமையல்லாத உரிமம் (எழுதியவர் பிறருக்கும் தரக்கூடியது) வாங்குங்கள், தரவுத்தளங்களுக்கு அது போதும். கட்டுரை எழுதியவரே வழக்குப் போடுவார். சட்டப்படி தனி நபராகப் பதிவாகாத மாணவர் குழு, தன் பெயரில் எப்படி வழக்காடும்?

மீண்டும் நானே. எழுதியவர் மனம் மாறி அனுமதியைத் திரும்பப் பெற்றால்?

திரும்பப் பெற முடியாத உரிமம் என்று எழுதி வாங்குங்கள். படைப்பை எவரும் பயன்படுத்தப் பொதுவில் அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இலிருந்து இருக்கின்றன, அவையும் அத்தகையவையே. படைப்பாளியின் உரிமையைப் பக்கம் பக்கமாக அலசும் இதழ், தனக்கு எழுதித் தந்தவரிடமே அதைப் பிடுங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

பத்து விழுக்காடு ஒற்றுமை பரவாயில்லையா?

மேலே சொல்லிவிட்டேன்.

பதினைந்து?

மேலே பாருங்கள்.

என் பாடலை ஒருவர் திருடிவிட்டார். என்ன செய்வது?

ஆவணங்களோடு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். ஆய்விதழில் இதற்குத் தீர்வு கிடைக்காது.

அக்கா, படிவத்தை இன்றிரவே அனுப்பச் சொல்கிறார்கள். உரிமையை விட்டுத்தர மனமில்லை.

‘மாற்றித் தருகிறேன்’ என்று இருக்கும் வரியை அடித்து, ‘வெளியிட அனுமதிக்கிறேன்’ என்று எழுதுங்கள். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு அனுப்பி, ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் பதில் கேளுங்கள். ஆசிரியர் குழுவில் இருந்தபோது அப்படித் திருத்தி வந்த படிவங்களை நான் ஏற்றிருக்கிறேன்.