ஏரி பார்க்க எதற்கு ரயில் ஏற வேண்டும்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவள். அக்டோபர் விடுமுறையில் உதய்பூர் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், எழுபது வயதைத் தாண்டிய என் அப்பா. அங்கே மூன்று நாள்தான் தங்க முடியும்.

சிக்கல் அப்பாதான். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் லஸ்கராக, அதாவது மதகு திறந்து மூடுகிறவராக, இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காலையில் பேப்பரைப் பிரித்தால் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற செய்தி. உதய்பூர் என்றதும், "சுத்தி மலை, நடுவுல ஏரி, மேல ஒரு கோட்டை. இதுதான நம்ம ஊரு? ஏரி பாக்க எதுக்கு ரயில் ஏறணும்?" என்கிறார். முட்டி வலி வேறு, படி ஏறமாட்டார். இணையத்தில் தேடினால் எல்லாரும் அரண்மனை, படகு, சூரிய அஸ்தமனம் என்றே எழுதியிருக்கிறார்கள். அவரை அழைத்துப் போகலாமா? போனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

சுமதி
காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள சுமதி,

உங்கள் வீட்டில் உதய்பூரைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரை விட்டுவிட்டு நீங்கள் மூவரும் போனால் அரண்மனை பார்த்துவிட்டு வருவீர்கள்.

நான் முதல் தடவை போனது பல வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். நம் பக்கம் மாங்காய் மண்டியில் கால் வைக்க இடமில்லாத நேரம். அங்கே அடுத்தடுத்து மழை பொய்த்திருந்தது. பயண ஏற்பாடு செய்தவர் படகுச் சவாரிக்கும் சேர்த்தே பணம் வாங்கியிருந்தார். பிச்சோலா ஏரிக்கரையில் போய் நின்றால், படகு மண்ணில் ஒருக்களித்துக் கிடக்கிறது. ஏரிக்குள் எருமைகள் மேய்கின்றன. தண்ணீரில் மிதப்பதாகப் படங்களில் பார்த்திருந்த வெள்ளை அரண்மனை, களத்துமேட்டில் மறந்துவிட்டுப்போன டிரங்குப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. பணம் திரும்பி வரவில்லை. ஆனால் வற்றிய ஏரியில்தான் கரை முழுசாகத் தெரியும். படித்துறைகள் எவ்வளவு ஆழம் வரை இறங்குகின்றன, கரையின் கல்கட்டு எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த ஏரி 1362 வாக்கில், மாட்டின் மேல் தானியப் பொதி ஏற்றிப் போகும் ஒரு பஞ்சாரா கட்டியது என்று அங்கே சொல்கிறார்கள். மகாராணா இரண்டாம் உதய்சிங் நகரத்தைத் தொடங்கியது 1559-இல். ஏரி முதலில், ஊர் இருநூறு வருடம் கழித்து. அதற்கு முன் அவர்கள் தலைநகரம் ராஜஸ்தானின் சித்தூர் (சித்தோர்கட்). அந்தக் கோட்டை சமவெளியில் தனியாக நிற்கும் மலைமேல் இருந்தது. எதிரி கீழே கூடாரம் அடித்து மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடலாம். 1567 அக்டோபரில் அக்பர் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார், 1568 பிப்ரவரியில் கோட்டை விழுந்தது. உதய்பூர் அப்படியில்லை. ஆரவல்லி மலைகள் வளைத்துக்கொண்ட பள்ளத்தாக்கு அது. கணவாயில் வாசல் வைத்துக் காவல் போட்டால் போதும். அப்பா சொன்ன ஒற்றுமை இந்த ஒரு இடத்தில் உதைக்கிறது. நம் கிருஷ்ணகிரி வட்டாரத்தில், அந்தக் காலத்துப் பாரமகாலில், மலைக்கு மலை கோட்டை கட்டினார்கள். அங்கே மலைகளையே மதில்சுவராக வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் தண்ணீர் விஷயம். நம்முடையது ஒரே ஆற்றின் குறுக்கே ஒரு அணை, 1957-இல் காமராஜர் திறந்துவைத்தது, 52 அடி. அங்கே இருப்பது சங்கிலி. சிசர்மா ஆறு பிச்சோலாவை நிரப்பும். பிச்சோலாவை ஒட்டியே ஸ்வரூப் சாகர். அங்கிருந்து ஒரு வாய்க்கால் ஃபதே சாகருக்குப் போகிறது. மிஞ்சியதை ஷட்டர் திறந்து ஆயட் ஆற்றில் விட்டால் அது உதய் சாகருக்குப் போய்ச் சேரும். அதுவும் உதய்சிங் கட்டிய ஏரிதான். அதற்கப்புறம் பெராச், பனாஸ், சம்பல், யமுனை, கங்கை என்று ஆறு ஆறாகப் போய் வங்காள விரிகுடா. ராஜஸ்தான் தண்ணீர் அரபிக்கடலுக்குத்தான் போகும் என்று நான் நினைத்திருந்தேன். நந்தி மலைப் பக்கம் பிறந்து உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கடலூரில் இறங்கும் தென்பெண்ணைக்கும் அதே கடல். இதை அப்பாவிடம் ரயில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வருகிறேன் என்பார்.

இரண்டாம் முறை ஒரு செப்டம்பரில் போனேன். நல்ல மழை வருடம். ஸ்வரூப் சாகர் ஷட்டரைத் திறக்கப் போகிறார்கள் என்று ஆட்டோக்காரர் சொல்லி, அவரே சவாரியை விட்டுவிட்டு என்னுடன் வந்து நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சேலை முக்காட்டோடு பெண்கள், ஸ்கூட்டரைக் கரையிலேயே சாய்த்துவிட்டு வந்தவர்கள், நல்ல கூட்டம். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். ஷட்டர் பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு நின்ற பெரியவர் என் செருப்பைப் பார்த்துவிட்டு, கழற்று என்று சைகை காட்டினார். ஷட்டர் அரையடி ஏறியதும் முதலில் தண்ணீர் வரவில்லை, சத்தம்தான் வந்தது. அப்புறம் பழுப்பாக ஒரு வீச்சு. பெரியவர் சிரிக்கவில்லை, தலையைச் சாய்த்துச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

ஏரி நிரம்பி வழிந்தால் நாம் 'கோடி போகுது' என்போம். அங்கே 'சாதர்' ஓடுகிறது என்கிறார்கள். சாதர் என்றால் போர்வை. கோடிக்கல் மேல் மடிப்பில்லாமல் ஒரே சீராக வழியும் தண்ணீருக்கு அதைவிடப் பொருத்தமான பேர் எனக்குத் தெரியவில்லை. அக்டோபரில் அது ஓய்ந்திருக்கலாம். ஏரி நிறைந்திருந்தால் அதுவே போதும்.

முதல் நாளை ஃபதே சாகர் கரைக்கே கொடுங்கள். 1687-இல் மகாராணா ஜெய்சிங் கட்டி, வெள்ளத்தில் சேதமான கரை. 1889-இல் ஃபதேசிங் மறுபடி கட்டினார். அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா ராணியின் மகன் கன்னாட் பிரபு, அதனால் கன்னாட் கரை என்றும் பேர். சமதரை, படியே கிடையாது. சாயங்காலம் ஊரே அங்கே நடக்க வரும். படகும் பிச்சோலாவைவிட இங்கே மலிவு. ஏரி நடுவில் ஒரு தீவில் சூரியனை ஆராயும் வானோக்ககம் இருப்பதை மகளுக்குக் காட்டுங்கள். வெயிலில் தரை சூடானால் மேலே இருக்கும் காற்று அலைபாயும், சூரியன் பிம்பம் நடுங்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அந்த நடுக்கம் குறையும். ஏரியில் கொண்டுபோய் வைத்தது அதற்காகத்தான். கே.ஆர்.பி. பூங்கா மீன் வறுவலை மட்டும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

நகர அரண்மனைக்கு அப்பா வேண்டாம். குறுகின படிக்கட்டு, ஏறி இறங்கி ஏறி, ஒருவழிப்பாதை. பாதியில் உட்காரவும் முடியாது, திரும்பவும் முடியாது. நீங்கள் மூவரும் காலையில் கூட்டம் சேர்வதற்குள் போய், கண்ணாடித் துண்டு பதித்த மயில்கள் இருக்கும் மோர் சௌக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1651-இல் கட்டிய ஜகதீஷ் கோயிலும் செங்குத்தான 32 படி. அவர் கீழே நின்று கும்பிடட்டும், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். பிச்சோலா நடுவில் இருக்கும் அரண்மனை 1746-இல் முடிந்தது. இப்போது ஹோட்டல், தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. எதிர்க்கரையில் அம்ப்ராய் படித்துறையிலிருந்து பார்ப்பதே எனக்குப் பிடித்தது. இன்னொரு தீவான ஜக் மந்திரில், தகப்பன் ஜஹாங்கீரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த இளவரசர் குர்ரம் தங்கியிருந்தார். பின்னால் ஷாஜகான் ஆனவர். தாஜ்மகால் யோசனையே இங்கேதான் பிறந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் சொல்லும் இன்னொரு கதையை நான் நம்ப விரும்புகிறேன். ஏரியின் குறுக்கே கயிற்றில் நடந்து காட்டினால் பாதி ராஜ்யம் தருவதாக ஒரு மகாராணா கழைக்கூத்தாடிப் பெண் ஒருத்தியிடம் சொன்னாராம். அவள் முக்கால்வாசி வந்துவிட்டாள். கரையில் இருந்தவர்கள் கயிற்றை அறுத்துவிட்டார்கள். சாகும்போது ராஜவம்சத்தைச் சபித்தாளாம். அவள் பேரில் ஏரிக்குள் ஒரு மேடை இருக்கிறது, நட்னி கா சபூத்ரா. வற்றிய ஏரியில் அன்றைக்கு அதன் நிழலில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

உயரத்திலிருந்து பார்க்க தூத் தலாய் பக்கத்திலிருந்து கர்ணி மாதா மலைக்கு ரோப் கார் போகிறது. அப்பாவுக்கு அது சரி. மேலே நின்றால் பிச்சோலாவின் கரையும் சுற்றியிருக்கும் மலைகளும் ஒரே பார்வையில் அடங்கும். 1880-களில் மகாராணா சஜ்ஜன்சிங் மழைமேகம் பார்க்கவென்று தொடங்கிய மலை அரண்மனை சஜ்ஜன்கட், நேரம் இருந்தால் மட்டும். கட்டடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக வாரம் ஒருமுறை உதய்பூருக்கு ஹம்சஃபர் ரயில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். அப்பாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்கிற மாதிரி முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். திரும்பி வந்ததும், ஸ்வரூப் சாகர் ஷட்டரைப் பார்த்துவிட்டு அவர் என்ன குறை சொன்னார் என்று எழுதுங்கள். சொல்லாமல் இருக்கமாட்டார்.