5,000 ரூபாய்க்குள் வீட்டிலேயே ட்ரோன் செய்ய முடியுமா?

ஒரு கிலோ அளவு ட்ரோன் என்றால் முடியாது. ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்குகளில் ரிமோட்டும் சார்ஜரும் இருக்காது. சேர்த்தால் ஏறக்குறைய 12,000 முதல் 15,000 வரை வரும். "நான் நாலாயிரத்தில் பறக்கவிட்டேனே" என்பவர்கள், ரிமோட்டை யாரிடம் இரவல் வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேண்டியவை: எஃப்450 ஃப்ரேம், 2212 அளவில் 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார் நான்கு, 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) நான்கு, கேகே 2.1.5 போர்டு (பறப்பைக் கட்டுப்படுத்தும் மூளை), ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட், 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர். 1045 (பத்து அங்குல) ப்ரொப்பெல்லர் மட்டும் நான்கு ஜோடியாவது வாங்குங்கள், உடையும். போர்டில் சின்னத் திரை இருப்பதால் செட்டிங் மாற்ற லேப்டாப் வேண்டாம். ஜிபிஎஸ் கிடையாது, காற்றடித்தால் நகரும், நீங்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ சொச்சம். ஒரு மோட்டார் சுமார் 800 கிராம் தூக்கும், நான்கும் 3.2 கிலோ. எடை அதில் பாதிக்குள், அதாவது 1.6 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆறேழு நிமிடம் பறக்கும்.

எழும்பியதும் குப்புறக் கவிழ்ந்தால் உடனே போர்டு மாற்றாதீர்கள். எக்ஸ் அமைப்பில் (நான்கு கையும் X போல) மோட்டார் எண்கள்: முன் இடது 1, முன் வலது 2, பின் வலது 3, பின் இடது 4. ஒன்றும் மூன்றும் கடிகாரச் சுற்று, மற்ற இரண்டும் எதிர்ச்சுற்று. தப்பாகச் சுற்றும் மோட்டாரில் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போதும். ப்ரொப்பெல்லரும் அதே திசைக்கானதா, போர்டு அம்புக்குறி முன்னால் பார்க்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மோட்டார் மட்டும் தாமதமாகக் கிளம்பினால் ஈஎஸ்சி கேலிபரேஷன் (நான்கையும் ஒரே த்ராட்டில் அளவுக்குப் பழக்குவது) செய்யவில்லை என்று அர்த்தம்: ரிமோட்டில் த்ராட்டிலை, அதாவது வேகக் குச்சியை, முழுதாக ஏற்றி, போர்டின் 1, 4 பட்டன்களை அழுத்தியபடியே பேட்டரி கொடுங்கள், பீப் வந்ததும் த்ராட்டிலை இறக்குங்கள். இதெல்லாம் ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு. விரல் போய்விடும், விளையாட்டில்லை.

  

பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள். செல் 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் இறக்குங்கள். அதற்கு வோல்ட் குறைந்தால் கத்தும் லிப்போ அலாரம் உண்டு, விலையும் குறைவு. எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

2021 ட்ரோன் விதிகளின் பதிவு நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் உங்கள் இடம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று பார்த்து, 400 அடிக்குக் கீழேயே பறக்கவிடுங்கள்.