இடுப்பளவும் இதயமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 22 தான். ஆனால் வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கிறது. எடை சரியாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. 2004இல் புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் சேர்ந்து நின்ற ஒரு படம் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இருவருக்குமே பி.எம்.ஐ. 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசியர்களிடம் அடிக்கடி காணப்படும் ஒல்லியான கைகால்களையும் பருத்த வயிற்றையும் எடை பார்க்கும் இயந்திரம் பிரித்துக் காட்டாது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போவதால், தொடையில் சேரும் கொழுப்பைவிட அது கெடுதல் மிகுந்தது.

கேள்வி: என் பேன்ட் அளவு 34. அப்படியானால் நான் தப்பித்தேனா?

பதில்: பேன்ட் அளவு இடுப்பளவு ஆகாது. பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், தையல் டேப்பால் அளக்க வேண்டும். முகாம்களில் டேப்பைக் கண்டதுமே ஆண்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். நான் ஊர், பிள்ளைகள் என்று ஏதாவது பேச்சுக் கொடுத்துவிட்டுத்தான் அளப்பேன்.

கேள்வி: ஆண்களின் இடுப்பளவுக்கு வரம்பு ஒரு நாட்டில் 102 செ.மீ., இன்னொரு நாட்டில் 90 என்கிறார்களே, எது சரி?

பதில்: யாருக்கு என்பதைப் பொறுத்தது. 102 (பெண்களுக்கு 88) என்ற வரம்பு, 1995இல் ஸ்காட்லாந்து நாட்டு கிளாஸ்கோ மக்களிடம் பி.எம்.ஐ. 30க்கு ஈடாகக் கண்டறியப்பட்டது. 2001இல் அமெரிக்க வழிகாட்டுதலிலும் அதே அளவு இடம்பெற்றது. தெற்காசியர்களுக்கு அதைவிடக் குறைந்த சுற்றளவிலேயே நீரிழிவும் இரத்த அழுத்தமும் தலைகாட்டுவதால், பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்று வகுத்தது. ஜப்பானில் நிலைமை தலைகீழ்: ஆண்களுக்கு 85, பெண்களுக்கு 90. தொப்புள் மட்டத்தில் எடுத்த சி.டி. படத்தில் உள்வயிற்றுக் கொழுப்பு 100 சதுர செ.மீ. என்பதை இருபாலருக்கும் பொது எல்லையாகக் கொண்டார்கள்; பெண்களுக்குத் தோலடிக் கொழுப்பு கூடுதல் என்பதால் அதே எல்லையைத் தொட அதிகச் சுற்றளவு தேவைப்பட்டது. 2008 முதல் அங்கே 40 முதல் 74 வயது வரையானவர்களின் பரிசோதனையில் இந்த அளவுகளே பயன்படுகின்றன.

கேள்வி: என் பேன்ட் 36, ஆனால் இறுக்கமாக இல்லை...

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான் புள்ளியியல் படித்தவன். 2011இல் வெளியான, 17 நாடுகளின் 2,21,934 பேரைக் கொண்ட கூட்டாய்வு, இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு ஆகியவை தெரிந்துவிட்டால் இடுப்பளவால் இதயநோய்க் கணிப்பு மேம்படுவதில்லை என்கிறது. இந்த டேப்பு எதற்கு?

பதில்: நல்ல கேள்வி, ஒப்புக்கொள்ள வேண்டியதும்கூட. தொப்பை பெரும்பாலும் அந்த மூன்றின் வழியாகத்தான் இதயத்தைத் தாக்குகிறது. அவற்றைக் கணக்கில் சேர்த்துவிட்டபின் இடுப்பளவுக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனால் இரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளாதவருக்கு, யாரை முதலில் பரிசோதிக்க அனுப்புவது என்பதை டேப் சொல்லும்.

கேள்வி: அதே நபர்தான். மாரடைப்பு பற்றி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்புடன் உள்ள தொடர்பில் இடுப்பு, புட்ட அளவுகளின் விகிதம் பி.எம்.ஐ.யை வென்றதே?

பதில்: வென்றது. ஆனால் அது மாரடைப்பு வந்தபின் நோயாளிகளை அளந்து, நலமாக இருந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு. மாரடைப்புடன் தொடர்பு வலுவாக இருப்பது வேறு, ஒரு தனிமனிதருக்கு வரப்போவதைக் கணிப்பது வேறு. உங்களுக்கே இது தெரியும். இரண்டையும் குழப்பி எழுதும் செய்தித் தலைப்புகள்தான் எனக்கு எரிச்சல்.

கேள்வி: கர்ப்பிணிகள் அளக்கலாமா?

பதில்: இந்த வரம்புகள் அவர்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: தொப்பை குறைக்கும் பெல்ட் எது நல்லது?

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: நான் 146 செ.மீ. உயரம்தான். எனக்கும் அதே 80 தானா?

பதில்: குள்ளமானவர்களுக்கு உயரத்தோடு ஒப்பிடுவது நியாயமானது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. உங்களுக்கு அது 73. டேப்பால் அளந்து பாருங்கள். சுடிதார் அளவைச் சொல்லாதீர்கள்.