சோழவந்தான் சீசன் டிக்கெட்டில் எந்த வண்டியில் ஏறலாம்?

கேள்வி: சோழவந்தானிலிருந்து மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்குத் தினமும் ரயிலில் வேலைக்குச் செல்கிறேன். மாத சீசன் டிக்கெட் கையில் இருந்தும், சென்ற வாரம் அவசரத்தில் ஏறிய ஒரு வண்டியில் எனக்கு அபராதம் விதித்துவிட்டார்கள். என் மகளும் மதுரையில் பி.ஏ. சேர்ந்திருக்கிறாள். சீசன் டிக்கெட்டில் எந்தெந்த வண்டியில் ஏறலாம்? அவளுக்குக் கட்டணச் சலுகை உண்டா?

பதில்: ஒரு வண்டி உங்கள் ஊரில் நிற்கிறது என்பதாலேயே உங்கள் சீசன் டிக்கெட் அதற்குச் செல்லும் என்று கொள்ள முடியாது. சிறிய நிலையங்களில் தினமும் ஏறி இறங்குபவர்கள் அபராதம் கட்ட நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நடைமேடையில் வந்து நிற்கும் வண்டியின் பெயரைப் பார்க்காமல், பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பலகையில் ஐந்து இலக்க எண்ணைப் பாருங்கள். அந்த எண் 5இல் தொடங்கினால் அது சாதாரண பாசஞ்சர். 6இல் தொடங்கினால் மெமு, அதாவது மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர வண்டி. 7இல் தொடங்கினால் டெமு, அதாவது டீசலில் ஓடும் குறுந்தூர வண்டி. இவற்றில் நீங்கள் தயங்காமல் ஏறலாம். மயிலாடுதுறை - செங்கோட்டை வண்டியைப் போல (16847, 16848) 16 என்று தொடங்குபவை சாதாரண எக்ஸ்பிரஸ் வண்டிகள். இவற்றின் பொதுப்பெட்டியில் சீசன் டிக்கெட் செல்லும். 12, 20, 22 என்று தொடங்குபவை அதிவிரைவு வண்டிகள். நமக்கெல்லாம் பழக்கமான வைகையும் (12635, 12636) பாண்டியனும் (12637, 12638) இந்த வகையைச் சேர்ந்தவையே. அகலப்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளை ரயில்வே இப்படி வகைப்படுத்தி, அவற்றுக்குத் தனிக் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறது. அந்தக் கட்டணம் சேராத சீசன் டிக்கெட்டோடு இவற்றில் ஏறினால் பரிசோதகர் ஏற்க மாட்டார். 0 என்று தொடங்கும் சிறப்பு வண்டிகளைப் பற்றி மட்டும் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும், காலியாகத்தானே இருக்கிறது என்று முன்பதிவுப் பெட்டியில் உட்கார்ந்துவிடாதீர்கள். உரிய டிக்கெட் இல்லாத பயணத்துக்கு, கட்டணத்தோடு சேர்த்து, குறைந்தது 250 ரூபாய் அபராதம் உண்டு.

உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்கு மகிழ்ச்சியான பதிலே இருக்கிறது. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே சென்று வர, பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கும் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டைக் கட்டணமின்றி வழங்க ரயில்வே விதியில் இடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான சலுகை நிறுத்தப்பட்டபோது எல்லாச் சலுகைகளும் போய்விட்டன என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். மாணவர் சலுகை அப்போது நிறுத்தப்படவில்லை. இதை அறியாமல் முழுக் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கல்லூரி அலுவலகத்தில் ரயில் சலுகைப் படிவம் கேளுங்கள். அதில் மகளின் பெயர், வயது, வகுப்பு, புறப்படும் நிலையம், சேரும் நிலையம் ஆகியவை எழுதப்பட்டு, முதல்வரின் கையொப்பமும் கல்லூரி முத்திரையும் இருக்க வேண்டும். நிலையத்தின் பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தால் படிவம் திரும்பிவிடும். எனவே "சோழவந்தான் - மதுரை சந்திப்பு" என்றே எழுதச் சொல்லுங்கள். முதல் முறை காலை நேர நெரிசலில் போகாமல், பாசஞ்சர் போன பிறகு கவுண்டர் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, கல்லூரி அடையாள அட்டையையும் புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வெற்றிலைக் கூடைகளோடு நிற்பவர்களின் வரிசையில், வண்டி வரும் வேளையில் இந்தப் படிவத்தை நீட்டினால் யாருக்குமே பொறுமை இருக்காது.

உங்களுக்கு மாதச் சீட்டைவிடக் காலாண்டுச் சீட்டு இலாபம். அதன் கட்டணம் மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்குதான். அரையாண்டுக்கு 5.4 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. ஆனால் சீசன் டிக்கெட் தொலைந்தால் நகலும் கிடையாது, பணமும் திரும்பாது என்பதால், ஓராண்டுச் சீட்டை எடுக்க நான் யாரையும் தூண்டுவதில்லை. டிக்கெட்டில் எழுதப்பட்ட எண்ணுக்குரிய அடையாள அட்டையை எப்போதும் அதனுடனேயே வைத்திருங்கள்.

சீசன் இல்லாத விருந்தினர் யாராவது உங்களோடு வரும் நாளில், கவுண்டரில் "மதுரை ஒன்று" என்று மட்டும் கேட்காமல், பாசஞ்சரா எக்ஸ்பிரஸா என்று சேர்த்துச் சொல்லுங்கள். குறைந்தபட்சக் கட்டணம் பாசஞ்சருக்கு 10 ரூபாய், எக்ஸ்பிரஸுக்கு 30 ரூபாய். 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவற்ற டிக்கெட்டில், எடுத்த மூன்று மணி நேரத்துக்குள்ளோ, அந்த ஊருக்குச் செல்லும் முதல் வண்டியிலோ பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையிலேயே மாலைக்கும் சேர்த்து எடுத்து வைப்பது பயன்படாது. கைபேசியில் எடுப்பதானால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். பரிசோதகரிடம் டிக்கெட்டைச் செயலியிலேயே திறந்து காட்ட வேண்டும். திரையைப் படம் பிடித்து வைத்தது செல்லாது. கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவீர்கள்.

இன்னொன்று: மகளின் கல்லூரி செல்லூர், தத்தனேரிப் பக்கம் இருந்தால் மதுரை சந்திப்பு வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. மதுரை வரையிலான சீசன் டிக்கெட்டோடு, இடையில் வண்டி நிற்கும் கூடல்நகரிலேயே அவள் இறங்கிக்கொள்ளலாம்.